பாதி கடித்த கொய்யாப்பழம்

போலீஸ் சௌக்கியிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்கினால் போதும், எங்கள் வரிசைக் கடைகளில் ஆள் இருக்காது. பால் கடைக்காரர் உள்ளே போய்விடுவார். சலூன்காரருக்கு வயிற்றுவலி வரும். சைக்கிள் கடைப் பையனை மட்டும் விட்டுவிட்டு முதலாளி பின்பக்கச் சந்தில் நிற்பார். கான்ஸ்டபிள் யாரையும் பிடிக்க வரவில்லை. பஞ்ச் தேடி வருகிறார்.

போலீஸார் ஒரு பொருளைக் கைப்பற்றினாலோ ஒரு இடத்தைச் சோதித்தாலோ, வெளி ஆட்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் பஞ்சநாமா. கையெழுத்துப் போடுகிற இருவரும் பஞ்ச். போடுவதற்கு ஐந்து நிமிஷம்தான். அதற்குப் பிறகு நாலு வருஷமோ ஐந்து வருஷமோ கழித்து கோர்ட்டிலிருந்து ஆள் வரும். கடையை மூடிவிட்டுப் போய், தாடி வைத்த யாரோ ஒருவன் கூண்டிலிருந்து முறைக்க, நாம் பார்த்ததைச் சொல்ல வேண்டும். யாருக்கு வேண்டும் அந்தப் பாடு.

அந்தப் பாட்டைத் தானாக வந்து தோளில் வாங்கிக்கொண்டவர் அவர். அதனால் எங்கள் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை வார்டு கார்ப்பரேட்டருக்குக்கூட இல்லை. தெற்கத்திக்காரர்கள் எல்லோரையும் புனேயில் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் எங்கள் தெருவில் அண்ணா என்றால் அது அவர் ஒருவர்தான்.

நான் ஆரணிப் பக்கத்துக்காரன். பத்தாவது வரை தமிழில் படித்தவன். அக்காள் கணவர் சாங்வியில் வைத்திருந்த இஸ்திரிக் கடைக்கு இருபத்து நான்கு வயதில் வந்து சேர்ந்தேன். கடை சௌக்கிக்கு எதிரில். சீருடைகள் எங்களிடம்தான் வரும். நான் அதிகம் பேச மாட்டேன். கரி போட்ட பெட்டியும் துணியும் இருந்தால் பேச வேண்டிய வேலையும் இல்லை. அவர் வந்து எங்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு முழுவதும் அவருடையது.

ஒல்லியான ஆள். வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. சில சாஹேப்களுக்குக் கறுப்பு மைதான் பிடிக்கும் என்பார். புனேயிலேயே பிறந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். எழுதவோ படிக்கவோ தெரியாது. அவருக்குத் தெரிந்த எழுத்து மராத்தி எழுத்துதான். முன்பு பிம்ப்ரியில் மருந்துக் கம்பெனி ஒன்றில் இருந்ததாக ஒரு நாள் சொல்வார். இன்னொரு நாள் லாரி ஆபீஸ் என்பார். இரண்டையும் சொல்லும்போது அங்கே இருந்த நாற்காலியின் உடைந்த கை வரை சொல்வார்.

அதுதான் அவர். எதையும் வெறுமனே பார்த்தேன் என்று சொன்னதில்லை.

"வெறும் சாட்சிக்கு மதிப்பில்ல தம்பி. கத்தி கெடந்துச்சுன்னு சொன்னா ஜட்ஜு நம்ப மாட்டார். கத்தி பக்கத்துல பாதி கடிச்ச கொய்யாப்பழம் கெடந்துச்சுன்னு சொல்லு. அவ்ளோதான், முடிஞ்சுது."

"கொய்யாப்பழம் இல்லேன்னா?"

"அரே, இருந்தா என்ன, இல்லாட்டா என்ன. கொய்யாப்பழத்துக்கு எவனாவது வக்கீல் வைப்பானா?"

அந்த நாளில் மகாராஷ்டிரப் பத்திரிகைகளில் படம் வந்த கேடிகள் எல்லோர் பக்கத்திலும் அவர் நின்றிருக்கிறார், அவர் சொன்னபடி. அகமத்நகர் ரோட்டில் லாரிகளை மறித்துக் கிளீனர்களைக் கொன்றவனின் கோடாலியைக் கிணற்றிலிருந்து எடுத்தபோது அவர்தான் பஞ்ச். அந்தக் கொலைகாரன் இவரிடம் தண்ணீர் கேட்டானாம். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவிக் கொடுத்தானாம். கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளையின் சித்தப்பா மாதிரி பட்டு குர்தா போட்டு வந்து, நாலு பேருக்குப் பந்தி பரிமாறிவிட்டு நகைப்பெட்டியோடு போனவனை அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார். "கை என்னமா மிருதுவா இருந்துச்சு தெரியுமா, டாக்டர் கை." டீக்கடையில் வடாபாவைக் கையில் பிடித்துக்கொண்டு பத்துப் பேர் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாம் புளுகு என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு நாள் துணி சுற்றி வந்த பழைய பேப்பரில் அந்தக் கோடாலிக்காரனின் படம் இருந்தது. இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். பின்னால், கிணற்றுச் சுவரில் கை வைத்தபடி, வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பேனா. அன்றிலிருந்து அவர் சொல்வதில் எது பொய், எது நிஜம் என்று பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மாதத்துக்கு இரண்டு முறையாவது அவர் சௌக்கிக்குள் போய் வருவார். பல நாள் உள்ளே போன வேகத்திலேயே திரும்பி வருவார். ஒரு வீட்டைச் சோதித்து முடிக்க அவ்வளவு நேரம் போதாது என்பது எனக்கும் தெரியும். எழுதாத காகிதத்திலும் கையெழுத்துப் போடுவார் என்று சலூன்காரர் சொன்னார். சொல்லிவிட்டு, "அவர் போடலைன்னா நாமதான் போடணும்" என்றும் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளரவில்லை.

கார்கில் சண்டை நடந்துகொண்டிருந்த மழைக்காலத்தில், புனேயைச் சுற்றி ஒரு கொள்ளைக் கூட்டம் பங்களாக்களில் புகுந்துகொண்டிருந்தது. அதன் தலைவன் பெரிய பேர் வாங்கியவன். வீட்டில் இருப்பவர்களைக் கட்டிப்போட்டுவிட்டு, பிரிட்ஜில் இருப்பதைச் சூடு பண்ணிச் சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவான். அண்ணாவுக்கு அவன்மேல் ஒரு காதலே இருந்தது. "திருடன்னா அவன்டா. வீட்டுக்காரிகூட அப்பிடிக் கழுவ மாட்டா." ஒரு வீட்டில் கட்டிப்போட்ட கிழவர் மூச்சடைத்துச் செத்துப்போனார். அதை மட்டும் அவர் கதையில் சேர்க்க மாட்டார்.

கடைசியில் அந்தத் தலைவனும் மூன்று பேரும் பிடிபட்டார்கள். நாலு பேர். சட்டப்படி ஐந்து பேர் சேர்ந்து அடித்தால்தான் அது கூட்டுக்கொள்ளை, மராத்தியில் தரோடா. நாலு பேர் என்றால் தண்டனை குறைவு. கிழவர் வேறு செத்திருக்கிறார், பேப்பர்காரர்கள் தினமும் எழுதுகிறார்கள். ஐந்தாவது ஆள் வேண்டியிருந்தது.

வழக்கமாக அண்ணாவோடு இரண்டாவது கையெழுத்துப் போடுகிற பான் கடைக்காரர் பண்டர்பூருக்கு நடைப்பயணம் போயிருந்தார். நான் சாஹேபின் சீருடையை மடித்து எடுத்துக்கொண்டு சௌக்கிப் படியேறினேன். மேல் அறையிலிருந்து அண்ணா எட்டிப் பார்த்தார்.

"இதோ, நம்ம தம்பி இருக்கான் சாஹேப். நல்ல பையன். வாயே தொறக்க மாட்டான்."

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.

மழையில் கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு ஆள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். உதடு கிழிந்திருந்தது. மேஜைமேல் ஒரு துணிப்பை. பக்கத்தில் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு. கொள்ளை போன பங்களாவின் கொலுசு, இவன் பையிலிருந்து எடுத்தது என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். அண்ணா என் காதில், "இங்க போடு, தேதி வேணாம்" என்று தமிழில் சொன்னார்.

அந்த ஆள் தலையைத் தூக்கினான்.

"அண்ணே, தமிழாண்ணே? நான் தருமபுரிண்ணே. பை என்னுதுதான். கொலுசு என்னுது இல்லண்ணே. ரஞ்சன்காவ்ல மூட்ட தூக்க வந்தேன், வந்து பன்னெண்டு நாளுதான் ஆவுது. பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தேன். எனக்கு இவங்க பேச்சு ஒண்ணும் தெரியலண்ணே. நீங்க சொல்லுங்கண்ணே."

சாஹேப் அண்ணாவைப் பார்த்தார். என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

அண்ணா அவனை நிதானமாகப் பார்த்தார். பிறகு மராத்தியில், "தெலுகு வாட்தய், சாஹேப்" என்றார். தெலுங்கு போல இருக்கிறது என்று.

அவர் கறுப்புப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார். நானும் போட்டேன். அந்த ஆள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்காவது புரியும் என்று நினைத்தானோ என்னவோ. எனக்குப் புரிந்தது.

வழக்கு நாலு வருஷம் கழித்து வந்தது. அதுவரை அவன் உள்ளேதான் இருந்தான். கோர்ட்டில் கூட்டம், எல்லோரும் அந்தத் தலைவனைப் பார்க்க வந்தவர்கள். அவன் தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தான். தருமபுரிக்காரனைக் காட்டி ஜட்ஜிடம் சொன்னான்: "இவன் யார்னே எனக்குத் தெரியாது சாஹேப். என் ஆட்களை நான் எண்ணித்தான் வெச்சிருக்கேன்." கோர்ட் சிரித்தது. அவன் அன்றைக்குச் சொன்னது முழு உண்மை. அதை நம்ப அங்கே யாரும் இல்லை.

அண்ணா சாட்சிக் கூண்டில் ஏறி அழகாகச் சொன்னார். பையில் கயிற்றுக்குப் பதில் ஷூ லேஸ் கட்டியிருந்தது. டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. அதன் பின்னால் ஒரு பல்லி, வால் இல்லாத பல்லி. ஜட்ஜ் பல்லியையும் எழுதிக்கொண்டார்.

அடுத்து நான். கேட்ட ஐந்து கேள்விக்கும் ஆமாம் என்றேன். அவனுக்கு அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீல் கடைசியாகக் கேட்டார், கைப்பற்றும்போது குற்றம் சாட்டப்பட்டவர் ஏதாவது சொன்னாரா என்று.

"நாஹீ" என்றேன். இல்லை என்று.

ஜட்ஜுக்குக் காதில் விழவில்லை. உரக்கச் சொல்லச் சொன்னார். நான் இரண்டாம் முறையும் சொன்னேன்.

பத்து வருஷம் தண்டனை. தீர்ப்பன்று அண்ணா என்னையும் கூட்டிப் போயிருந்தார். கீழே வராந்தாவில் எங்களைத் தாண்டி அவனை நடத்திக்கொண்டு போனார்கள். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நின்று என்னிடம் சொன்னான்:

"அண்ணே, ஊருக்கு ஒரு கடுதாசி போட முடியுமா? விட்டுருவாங்க விட்டுருவாங்கன்னு நாலு வருசமா வீட்டுக்கே சொல்லாம இருந்துட்டேன். செத்துட்டேன்னு நெனச்சிருப்பா."

மனைவியின் பேரையும் ஊரையும் சொன்னான். போலீஸ்காரர் இழுத்தார். அண்ணா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் அண்ணாவே ஒரு இன்லண்ட் லெட்டரோடு கடைக்கு வந்தார். "அந்தக் கடுதாசியைப் போட்டுடலாம் தம்பி, பாவம். நான் சொல்றேன், நீ தமிழ்ல எழுது."

பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "உங்க வீட்டுக்காரர் சௌக்கியம். ரஞ்சன்காவ்ல பெரிய கம்பெனி. ஷிஃப்ட் மாத்தி மாத்திப் போடறான், அதான் கடுதாசி எழுத டைம் இல்ல. போன ஞாயித்துக்கிழமை என் கண்ணால பார்த்தேன். நீலச் சட்டை போட்டிருந்தார். ரெண்டு வாழைப்பழம் வாங்கினார், ஒண்ணை எனக்குக் குடுத்தார்."

நான் எழுதினேன். அவர் சொன்னதை எழுதவில்லை. உங்கள் கணவர் சிறையில் இருக்கிறார். பத்து வருஷம் போட்டிருக்கிறார்கள். கொலுசு என்னுடையது இல்லை என்று அவர் தமிழில் எங்களிடம் சொன்னார். எங்கள் இருவருக்கும் அது புரிந்தது. புரியாதவர்கள்போல் கையெழுத்துப் போட்டோம். பையிலிருந்து கொலுசை எடுத்ததை நாங்கள் பார்க்கவில்லை. கோர்ட்டில் பொய் சொன்னோம். இவ்வளவுதான். அதன் கீழே என் பேரும் கடை விலாசமும். வாயால் இரண்டு முறை சொல்ல முடியாமல் போனதைக் கை ஒரே மூச்சில் எழுதி முடித்தது. அது எனக்கே ஆச்சரியம்.

"வாசி பார்க்கலாம்" என்றார்.

காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னதை ஞாபகத்திலிருந்து சொன்னேன். ஷிஃப்ட், நீலச் சட்டை, வாழைப்பழம். முடிவில், "மழைக்குப் புதுக் குடை வாங்கியிருக்கார்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். "குடை நான் சொல்லலையே?"

"நானே சேர்த்தேன் அண்ணா."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "அச்சா! தேறிட்டடா நீ" என்று என் முதுகில் தட்டினார். பேனாவை எடுத்து என் பேருக்குக் கீழே மராத்தியில் கையெழுத்துப் போட்டார். அவர் ஆயிரம் பேருக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்தேன். அன்று சாயங்காலமே தபால் பெட்டியில் போட்டேன்.

ஏழு வாரம் கழித்து, சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றாள். கூட அவள் தம்பி. இரண்டு நாள் ரயிலின் அழுக்கு புடவையில் இருந்தது. அண்ணா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவள் அந்தக் கடிதத்தை இஸ்திரி மேஜைமேல், சூடான பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இத எழுதுனது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"கீழ இருக்கறது?"

அண்ணா எட்டிப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தெரிந்துகொண்டார். அவருக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. "என்னுதுதாம்மா. உன் வீட்டுக்காரரை நான்..."

"பேசாத. என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல கேளு." என்னைப் பார்த்து, "படி" என்றாள்.

இந்தத் தடவை இருந்ததைப் படித்தேன். படித்து முடிக்கும்வரை நிமிரவில்லை. ரோட்டில் ஒரு ரிக்‌ஷா நின்று, பேரம் பேசி, போயிற்று. அவர் எழுந்து என்னை அறைவார் என்றுதான் நினைத்தேன். ஓடிவிடுவார் என்றும் நினைத்தேன். அவர் தன் இரண்டு பேனாவையும் சரிசெய்துகொண்டார்.

"அன்னைக்குக் கரண்ட் இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கோர்ட்ல டியூப்லைட்னு சொன்னேன். கரண்டே இல்ல. ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தான். இடது கை விரல்ல ரெண்டு நகம் இல்ல. அதெல்லாம் நீ எழுதல தம்பி. எழுதறவன் முழுசா எழுதணும்."

அந்தப் பெண் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். அதை எடுத்துவிட்டுக் கேட்டாள். "இத கோர்ட்டுல வந்து சொல்வியா, மாட்டியா?"

"வக்கீல் யாராவது இருக்காரா?" என்று கேட்டார் அவர்.

அப்பீலுக்கு மும்பைக்கு எங்கள் இருவர் வாக்குமூலமும் போயிற்று. தருமபுரிக்காரன் வெளியே வர இன்னும் பதினாலு மாதம் ஆனது. அவன் வந்ததைப் பார்க்க நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது.

வாக்குமூலம் கொடுத்த அடுத்த வாரம், காலை பத்து மணிக்கு, ஒரு கான்ஸ்டபிள் கையை வீசிக்கொண்டு தெருவில் இறங்கினார். கடைகள் காலியாயின. பஞ்ச் தேடி வந்தவர் இல்லை என்பது, டீக்கடையிலிருந்து அண்ணாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனபோது தெரிந்தது. என்னையும் கூப்பிடுவார்கள் என்று பெட்டியில் கரி போடாமல் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவில்லை. சீருடைகள் வருவது மட்டும் அன்றோடு நின்றது. பிறகு ஒரு கான்ஸ்டபிள் என் அக்காள் கணவரிடம் சொல்லியிருக்கிறார்: கடிதம் முழுக்கத் தானே சொல்லி எழுத வைத்ததாகவும், பையனுக்கு எழுத மட்டும்தான் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது என்றும் அண்ணா உள்ளே சாதித்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் வெளியே வந்தார். வலது கையில் மூன்று விரல்கள் கட்டுப் போட்டிருந்தன. நேராக டீக்கடைக்குத்தான் போனார். நானும் பின்னால் போனேன். கூட்டம் கூடிவிட்டது.

"பஸ் கதவுடா" என்றார் எல்லோரிடமும். "பிம்ப்ரி பஸ். எறங்கறதுக்குள்ள டிரைவர் எடுத்துட்டான். கண்டக்டர் விசில் கயிறு பச்சைக் கலர். முன் சீட்ல ஒரு அம்மா கூடையில கோழி வெச்சிருந்தா, அதுகூடக் கத்திடுச்சு."

டம்ளரை இடது கையால் பிடித்திருந்தார். டீ ததும்பியது. பான் கடைக்காரர் மட்டும் என் பக்கம் திரும்பி, "நீ பார்த்தியா?" என்று மராத்தியில் கேட்டார்.

அண்ணா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தார்.

"பார்த்தேன்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு கோழி இருந்துச்சு."